நாலு விரக்கடை

வீட்டுக்கு முன்பதிவு செய்தபோது வசுமதியின் மகள் நிலானிக்கு நான்கு வயது. கட்டி முடிப்பதற்குள் டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. இப்போது சாவி வாங்குவதற்கு முன் வீட்டைச் சரிபார்க்க வசுமதியும் கணவன் கதிரவனும் மட்டும் வந்திருந்தார்கள்.

சுவரில் விரிசல் இல்லை. கதவுகளும் சரியாக மூடின. குளியலறையில் பெரிய வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று தாழ்வாக இருந்தது.

"பாப்பா வளர வளர இதுவும் தானா மேல ஏறுமுங்க," என்றார் வீட்டைச் சுற்றிக் காட்டிய, விஷயம் தெரியாத பொறியாளர். "நீங்க எழுதிக் குடுத்த வயச வெச்சு அவ வளர்த்திய வீடே கணக்குப் போட்டுக்கும். ரெண்டு வருசம் முன்ன மாட்டினது, இப்பவே நாலு விரக்கடை ஏறியிருக்கு பாருங்க." நான்கு விரல்களைச் சேர்த்துச் சுவரில் வைத்துக் காட்டினார்.

வசுமதி அதன் முன் மண்டியிட்டு உட்கார்ந்தாள். விளிம்புக்கு மேலே கையை நீட்டி, ஒரு தலையைத் தடவுவதுபோல் வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இவ்வளவு வளந்திருப்பாளா?"

கதிரவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இதைக் கழட்டிருங்க சார்."

"வேண்டாங்க," என்றாள் வசுமதி. "அது பாட்டுக்கு வளரட்டும்."

கதிரவன் அந்தப் புதுத் தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பொறியாளர் சத்தமில்லாமல் வெளியே போனார்.