ஜன்னல் விளிம்பில் சிவப்பு

காலை வெயில் ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிற்கும் கண்ணாடி பாட்டில்களைத் துளைத்துக்கொண்டு வருகிறது. எல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடக்கும் தம்பியின் சிறுநீர். அதில் கலந்துவரும் ரத்தம் குறைகிறதா என்று நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க, வேளைக்கு ஒன்றாக நர்ஸ் எடுத்து வைத்தவை. வீட்டுச் சுவர்த் தகராறில் அண்ணன் விட்ட ஒரே உதையில் சிறுநீரகம் பிளந்துவிட்டது. வயிற்றைக் கிழிக்காமல், தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு ரத்தக்கசிவை அடைத்திருக்கிறார்கள். இனி அசையாமல் கிடப்பதுதான் வைத்தியம். தும்மக்கூடப் பயந்து கிடக்கிறான். மனசு மட்டும் கறுவிக்கொண்டே இருக்கிறது. ஊர் வாய்க்குப் பயந்து அந்த அண்ணனே இப்போது வந்து நிற்கிறான், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல். போர்வையை விலக்கிப் பார்க்கிறான். "ஒரு தையல்கூட இல்லையேடா! இந்தத் துண்டு பிளாஸ்திரிக்கா இத்தனை கூப்பாடு?" தம்பிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வருகிறது. "அந்த முதல் பாட்டிலை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாருண்ணே." பிடிக்கிறான். வெயில் அதற்குள் நுழைந்து அவன் சட்டை மார்பில் சிவப்பாகக் கொட்டுகிறது. தட்டிவிடப் பார்க்கிறான், போகவில்லை. பாட்டிலைத் திரும்ப வைக்கும்போது விளிம்பில் இடித்துக் கிணுகிணுக்கிறது. "தினமும் வந்து பாத்துட்டுப் போண்ணே," என்கிறான் தம்பி, குழந்தைக்குச் சொல்வதுபோல் அத்தனை மெதுவாக. "கடைசி பாட்டில் தெளிஞ்சதும் நான் எந்திரிச்சு நடக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு." அண்ணனின் கண் பாட்டில் பாட்டிலாகத் தாவி வரிசையின் கடைசிக்கு ஓடுகிறது. அங்கே சிவப்பு வடிந்து, மஞ்சள் தட்டத் தொடங்கியிருக்கிறது.