கலேவி வாங்கின ஸ்கோப்

"இதைவிட உசரமான பிடி இல்லையா?" என்றான் கலேவி.

எனக்குப் புரியவில்லை. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், வேட்டைத் துப்பாக்கியின் மேல் பிடியில் எவ்வளவு தாழ உட்காருகிறதோ அவ்வளவு நல்லது. துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னத்தைப் பதித்தால் கண் தானாக நேருக்கு வரவேண்டும். முப்பது வருஷமாக வேட்டைக்குப் போகிறவனுக்கு இதை நான் சொல்லவேண்டுமா?

என் துப்பாக்கிக் கடையில் இருந்ததிலேயே உயரமான பிடிகளை மாட்டினேன். ஸ்கோப்பை இன்னும் பின்னால் தள்ளச் சொன்னான்.

"சுட்டா பின்னால வந்து புருவத்தைக் கிழிச்சிடும்டா."

"கிழிக்கட்டும். நீ தள்ளு."

தோளில் வைத்துப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவன் மாதிரி நின்றான். சரியாக இருக்கிறது என்றான்.

ஃபின்லாந்தில் எங்கள் ஊர்ப்பக்கம் மூஸ் மான் வேட்டைக்கு முன்னால் சுடும் தேர்வு உண்டு. நாலு குண்டும் வட்டத்துக்குள் விழவேண்டும். விழாதவருக்கு அந்த வருஷம் குழுவில் இடமில்லை. இவன் நிச்சயம் தோற்பான் என்று பயந்தேன்.

வியாழக்கிழமை குறி சரிபார்க்கப் போனவன், புருவத்தில் பிளாஸ்திரியோடு திரும்பினான். கத்துக்குட்டி என்று காப்பிக் கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். பிடியை மாற்றித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டான்.

சனிக்கிழமை தேர்வு. கலேவியின் பெயர் பட்டியலிலேயே இல்லை. அவன் போன வருஷமே தேறியவன், அது மூன்று வருஷத்துக்குச் செல்லும் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பின்னே எதற்குத் துப்பாக்கியோடு வந்து நிற்கிறான்?

எங்கள் வேட்டைக் குழுவின் எழுபத்தைந்து வயது தௌனோ இரண்டு தடவை தோற்று ஓரமாக நின்றிருந்தார். மர லாரியிலிருந்து விழுந்ததிலிருந்து அவருக்குக் கழுத்து வளையாது. அதை யாராவது வாய்விட்டுச் சொன்னால் அடிக்க வருவார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

கலேவி அவரிடம் துப்பாக்கியை நீட்டினான்.

"அண்ணே, எனக்கு இதுல குறியே நிக்கமாட்டேங்குது. பழகற பலகையில ஒரு குண்டு சுட்டுப் பாத்துச் சொல்லுங்களேன்."

தௌனோ தோளில் வைத்தார். கன்னம் கட்டையைத் தொடவே இல்லை. கண் மட்டும் நேராக ஸ்கோப்பில் போய் நின்றது. குண்டு நட்டநடுவில் விழுந்தது.

துப்பாக்கியைத் திருப்பித் தராமல், அதோடே தேர்வுக் கோட்டுக்குப் போனார். நாலும் வட்டத்துக்குள்.

திரும்பி வந்து கலேவியின் கையில் திணித்தார்.

"ஸ்கோப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒனக்குத்தான் சுடத் தெரியல."

"ஆமாண்ணே" என்றான் கலேவி.