சாம்பிராணிக்கு நன்றி

“கல்நெஞ்சுக்காரர்ணே அந்த சாயபு! இன்னிக்குப் பார்த்து தோல் ஷாப் கேட்டைப் பூட்டி வச்சிருக்கார். ஆளுங்க மொத்தம் உள்ள!”

தொண்டன் சுந்தரமூர்த்தி மூச்சிரைக்க ஓடிவந்து பாக்கியநாதனிடம் சொன்னான்.

ஆம்பூர் பார்க்கில் அன்று இலவசக் கச்சேரி. சோடாக் கடை பாக்கியநாதன்தான் தொண்டர்களுக்குத் தலைவர். பந்தல், பாய், தண்ணீர்ப் பானை எல்லாம் தொண்டர்கள் தோளிலேயே வந்து இறங்கின. பார்க்கை ஒட்டி ஓடும் கால்வாய் மட்டும் அவர்கள் கையில் இல்லை.

தினமும் சாயங்காலம் நிசார் அஹமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியைத் திறந்து விடுவார்கள். தோல் ஊறிய தண்ணீர் கால்வாயில் இறங்கும். ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன வாசம்தான். ஆனால் போன வருஷம், அரக்கோணத்திலிருந்து வந்த பாகவதர் பாதிப் பாட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தவர், ரயிலேறித்தான் கையை எடுத்தாராம். இந்த வருஷமும் அவர் கச்சேரிதான்.

“இந்தத் தடவையும் எழுந்து போனார்னா, பார்க்கைக் கேட்டு இனிமே என் முன்னாடி நிக்காதே” என்று முனிசிபல் சேர்மன் கறாராகச் சொல்லிவிட்டார்.

பாக்கியநாதன் சாயபுவிடம் நேரில் போய்க் கெஞ்சிப் பார்த்தார்.

“ஒரே ஒரு நாள் குழியைத் திறக்காம இருங்க பாய்.”

“ஒரு நாள் ஜாஸ்தி ஊறிச்சின்னா தோல் கஞ்சியாப் பூடும். நான் வாக்கு குடுக்க முடியாதுப்பா.”

தஸ்பீ மணியை உருட்டிக்கொண்டே சாயபு உள்ளே போய்விட்டார்.

இப்போது கேட்டுக்கும் பூட்டு. கூட மாட ஒத்தாசைக்கு வருகிறேன் என்றிருந்த அமீர் பாஷா அங்கே வேலை செய்கிறவன். அவனும் உள்ளே மாட்டிக்கொண்டான்.

“இப்ப இன்னாண்ணே பண்றது?”

“சாம்பிராணி போடு.”

“எவ்ளோ?”

“பாகவதரே கண்ணுக்குத் தெரியக் கூடாது. அவ்ளோ போடு!”

போட்டார்கள். பாகவதர் கண்ணைக் கசக்கினார், இருமினார், பாடினார். பாக்கியநாதன் பாட்டைக் கேட்கவில்லை. பாகவதர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தாளம் போட்டதே தவிர, மூக்குப் பக்கம் போகவில்லை. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கி, மங்களமும் பாடியாகிவிட்டது.

“அடுத்த வருஷமும் வர்றேன். புகையை மட்டும் கம்மி பண்ணுங்க” என்று பாகவதர் சிரித்தார்.

பாக்கியநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. மேடையேறி உரக்க நன்றி சொன்னார்.

“கடைசியா சாம்பிராணிக்கு ஒரு நன்றி! அதுக்கு இருக்கிற இரக்கம், பக்கத்துல தோல் ஷாப் வச்சிருக்கிற பெரிய மனுஷருக்கு இல்லாம போச்சு!”

கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

ஜனங்கள் கலைந்ததும், பாய்களை அள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். அங்கே அமீர் பாஷா. தலை முதல் கால்வரை சுண்ணாம்பு. அடித்த வாசத்தில் பாக்கியநாதனே ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“வாடா தோஸ்த்! ஒருவழியா விட்டுட்டாரா உங்க சாயபு?”

“கச்சேரி ஆரம்பிக்கிறப்பதாண்ணே வேலை முடிஞ்சிது. குழித் தண்ணி ஒரு சொட்டு கால்வாயில எறங்கக் கூடாதுன்னுட்டார். மத்தியானத்துலேர்ந்து டின்னு டின்னா மொண்டு, ஷாப்புக்குப் பின்னாடி பள்ளத்துல கொட்டினோம்.”

பாக்கியநாதன் பாய்களைக் கீழே வைத்தார்.

“எங்கிட்ட முடியாதுன்னாரேடா?”

“செஞ்சு முடிக்கிறதுக்கு முன்னாடி வாக்கு குடுக்க மாட்டார்ணே அவரு.”

“சரி, முடிச்சிட்டு உள்ள வந்து உக்காந்திருக்கலாமே?”

“இந்த வாசத்தோடயா? பாகவதர் எழுந்து ஓடிட்டார்னா? அதான் சுவத்துக்கு அந்தப் பக்கமே நின்னு எல்லாத்தையும் கேட்டோம்.”

“எல்லாத்தையுமா?”

அமீர் பாஷா தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆமாண்ணே. நீங்க நன்றி சொன்னதையும்தான். சாயபுவும் டின்னைக் கையில புடிச்சிக்கினு எங்க கூடத்தான் நின்னுட்டிருந்தார்.”