ஹக்கிம் வீடு

"நானும் ஹக்கிம்தான்! ஆனா நீங்க தேடி வந்த ஹக்கிம் நான் இல்லை!"

தியாகராஜா கேட்டருகே நின்று மலாய் மொழியில் கத்தினார். பரிசுப் பொட்டலத்தோடு வந்திருந்த பெரியவர் மிரண்டுபோய்ப் பக்கத்து வீட்டை நோக்கி நடந்தார்.

மலாயில் ஹக்கிம் என்றால் நீதிபதி. பக்கத்து வீட்டுக்காரரின் பெயரும் ஹக்கிம். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தியாகராஜா கூலாய் நகரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதே ரோதனைதான். அவருக்கு வரவேண்டிய பார்சல் இங்கே வரும். இவருடைய மூட்டுவலித் தைலம் அங்கே போகும். இன்று அந்த ஹக்கிமின் மகனுக்குக் கல்யாண விருந்து வேறு. தெரு முழுக்கக் கார். காலையிலிருந்து மணி ஓயவில்லை.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க." மனைவி சரோஜினி வெளியே வந்தார். "குணாளனும் அவங்க அம்மாவும் வர்ற நேரம். இந்தத் தடவையும் கெடுத்து வெச்சீங்கன்னா பிரேமளா உங்களை மன்னிக்கவே மாட்டா."

"நான் எப்ப கெடுத்தேன்?"

"போன தடவை வந்த மாப்பிள்ளையோட அப்பாவைக் குறுக்கு விசாரணை பண்ணீங்களே! மனுஷன் காப்பியைக்கூடக் குடிக்காம ஓடிட்டாரு."

"அவர் பேச்சுல முரண்பாடு இருந்துச்சு."

"இருந்துட்டுப் போகட்டும்லா! இது வீடா, கோர்ட்டா?"

மாடியிலிருந்து பிரேமளா எட்டிப் பார்த்தாள். தலையில் பாதிப் பூ ஏறியிருந்தது.

"அப்பா, குணா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்காரு. அவங்க அம்மா மனசு நோகக் கூடாதாம். ஒத்தையா நின்னு அவரை வளத்தவங்க. ஏற்கெனவே நிறைய பட்டுட்டாங்களாம். அவங்க முகம் வாடுச்சுன்னா இந்தக் கல்யாணம் நடக்காதுப்பா."

தியாகராஜாவுக்குச் சுருக்கென்றது. யாரிடம் வந்து பொறுமையைப் பற்றிப் பேசுகிறார்கள்!

"மாஜிஸ்திரேட்டா ஆரம்பிச்சு கோத்தா பாரு, தைப்பிங், மூவார், ஜோகூர் பாருன்னு எத்தனை கோர்ட்டு பாத்தவன் நான்! வக்கீலுங்க பேசிப் பேசியே உயிரை எடுப்பாங்க. எதிர்த் தரப்பு தூங்கி விழும். அப்பவும் ரெண்டு பக்கமும் சொல்லி முடிக்காம நான் வாயைத் திறந்ததே இல்லை. என் மேல அப்பீல் போனவன்கூட அந்தக் குறையைச் சொன்னதில்லை. என்கிட்ட வந்து..."

மறுபடியும் மணி அடித்தது.

கழுத்தளவு இரும்புத் தகட்டுக் கேட்டுக்கு மேலே ஒரு குடை. குடைக்குக் கீழே ஒரு சீன அம்மாவின் சிரித்த முகம். ரிப்பன் கட்டிய பெட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஹக்கிம்..."

"செபெலா! செபெலா!" பக்கத்து வீடு, பக்கத்து வீடு என்று கையை வீசினார் தியாகராஜா.

அந்த அம்மா மீண்டும் பேச வாய் திறந்தார். தியாகராஜா விடவில்லை. கல்யாணம் அங்கே நடக்கிறது, அவ்வளவு பெரிய கூடாரம் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று மலாயில் ஒரு மூச்சு பொரிந்து தள்ளினார். சிரிப்பு மறைந்தது. குடை மெல்ல நகர்ந்து போனது.

"இதுக்கு ஒரு வழி பண்றேன்" என்று உள்ளே போனவர், ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் 'இது ஹக்கிம் வீடு அல்ல' என்று மலாயில் எழுதிக் கொண்டுவந்து கேட்டில் கட்டினார்.

சரோஜினி தலையில் கை வைத்துக்கொண்டார். "காலம் பூரா ஹக்கிமா இருந்துட்டு, இது ஹக்கிம் வீடு இல்லைன்னு நீங்களே எழுதி மாட்டுறீங்களே! இதை எங்க போய்ச் சொல்ல?"

அட்டை நன்றாகவே வேலை செய்தது. மணி அடிக்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டாரும் வரவில்லை. பிரேமளா கீழே இறங்கி வந்து, கைப்பேசியைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

ஒருவழியாகக் குணாளன் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். அட்டையைப் படித்துத் தயங்கியவன், பிரேமளாவைக் கண்டதும் உள்ளே வந்தான்.

"மன்னிச்சிருங்க அங்கிள். ரோடு பூரா ஜாம். பார்க்கிங் தேடி ரெண்டு தாமான் தெருவெல்லாம் சுத்திட்டேன். அம்மா பாவம், வெயில்ல எதுக்குன்னு முனையிலயே இறக்கி விட்டுட்டேன். உள்ள இருக்காங்களா?"

"உங்கம்மாவா? வரலையே தம்பி!" தியாகராஜா பதறினார். "நான் கேட்டை விட்டு நகரவே இல்லையே. ஒரு தமிழ் முகம்கூட இந்தப் பக்கம் வரலை."

"இல்லைங்க அங்கிள், எப்பவோ வந்திருப்பாங்களே..."

அப்போது பக்கத்து வீட்டுக் கூடாரத்திலிருந்து ஹக்கிம் சிரித்துக்கொண்டே வந்தார். அவரோடு, அரக்கு நிறப் பட்டுச் சேலையில் ஓர் அம்மா. ஒரு கையில் பிரியாணிப் பொட்டலம், மறு கையில் ரிப்பன் கட்டிய பெட்டி. கக்கத்தில் குடை.

தியாகராஜா குடையைப் பார்த்தார். பிறகு அந்த முகத்தைப் பார்த்தார். கேட்டுக்கு மேலே தெரிந்த அதே சீன அம்மா.

"அம்மா!" என்று ஓடினான் குணாளன்.

"பொறந்ததுதான் சீனக் குடும்பம்ப்பா," பிரேமளா அப்பாவின் காதருகே பல்லைக் கடித்தாள். "கைக்குழந்தையிலயே ரெங்கம் எஸ்டேட்டுல குணாவோட ஐயாசாமி தாத்தா எடுத்து வளத்த பொண்ணு. பேரு ராசம்மா."

ராசம்மா கேட்டில் தொங்கிய அட்டையை ஒருமுறை படித்தார். பிறகு கை கூப்பி, அச்சு அசலான தோட்டத்துத் தமிழில் சொன்னார்:

"ஹக்கிம் ஐயா வீடு இதானுங்களான்னு நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ளயே தீர்ப்பு சொல்லிட்டீங்களே சம்பந்தி... அதான், அப்பீலுக்கு வந்திருக்கேன்."