ஒழுகுற டேங்குக்கு ஒரு சாட்சி

"ஆமாப்பா, அந்த வாடை எங்க டேங்கோடதுதான்"னு ஒத்துக்கிச்சு பெட்ரோல் பங்க் அளவுகோல். தினமும் பூமிக்கடியில இருக்குற டீசல் டேங்குக்குள்ள இறங்கி, எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு வர்றது அதோட வேலை. கேட்டது பக்கத்துத் தோட்டத்துக் கிணத்துத் தவளை. தண்ணியில டீசல் மிதக்கவும் மதில் ஏறி வந்திருந்துச்சு.

"ஓட்டைய அடைக்க வேண்டியதுதானே அண்ணே?"

"கை வைக்கக் கூடாது!"ன்னு கீழேருந்து டேங்க் சத்தம் போட்டுச்சு. "இன்சூரன்ஸ்காரர் வந்து ஒழுகுறதக் கண்ணால பாக்கணும். அடைச்சுட்டா நம்பமாட்டார்."

"அதுவரைக்கும் நான் எங்க போறது?"

"எங்கயும் போகாத. கிணத்துலயே இரு. நீதான் எங்களுக்கு முக்கியமான சாட்சி"ன்னுச்சு டேங்க்.

சாட்சின்னதும் தவளைக்கு நெஞ்சு நிமிந்துடுச்சு. திரும்பிக் கிணத்துக்குள்ள குதிக்கப் பாத்துச்சு.

அளவுகோலுக்கு மனசு கேக்கல. "டேய், இன்சூரன்ஸ் டேங்குக்குத்தான், உனக்கில்ல. சாட்சி உயிரோட இருக்கணும்னு கட்டாயமும் இல்ல. செத்து மிதந்தா அவங்களுக்கு இன்னும் விசேஷம்."

தவளை குதிக்கல. மதில்மேலயே உக்காந்துக்கிச்சு.

"அந்தக் கோலை எடுத்துட்டு வாங்கப்பா, இன்னைக்கு எவ்வளவு ஒழுகியிருக்குன்னு பாத்துடுவோம்!"னு பங்க் முதலாளி உற்சாகமாக் கூப்பிட்டார். அளவுகோல் கிளம்பிப் போச்சு.