மாயாஜால வகை மாப்பிள்ளை

எதிர்வீட்டுச் சுடர்க்கொடியைப் பெண் பார்க்க வந்த அன்று நான் உறைமோர் வாங்கத்தான் போனேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் ஜாதகம் யார் பார்க்கிறார்கள்? இயந்திரம் கொடுக்கிற வாழ்க்கைப் பயணக் குறிப்புதான். மாப்பிள்ளையின் வாழ்க்கை எந்த வகைக் கதையாகப் போகும் என்று அதில் இருக்கும்.

"பையனுக்குக் காப்பிய வகைதானே?" என்று பெண்ணின் அப்பா வைரவன் ஆவலாகக் கேட்டார். காப்பியம் என்றால் நிம்மதி. நாயகன் காடெல்லாம் சுற்றினாலும், முடிசூட்டு விழா அன்றைக்குக் குரு உயிரோடு வந்து அட்சதை போடுவார்.

"இல்லீங்க, இந்தக் காலத்து மாயாஜால நாவல் வகை," என்றாள் பையனின் அம்மா.

வைரவனின் கை தன் வெள்ளைத் தாடிக்குப் போனது. அந்த வகையில் நாயகனுக்கு வழிகாட்டுகிற தாடிக்காரர் பாதிக் கதையிலேயே செத்துப்போவார் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மனிதர் விறுவிறுவென்று உள்ளே போய், மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்தார்.

"மாமா, கை கழுவ எந்தப் பக்கம் போகணும்?" என்று எழுந்தான் மாப்பிள்ளை இளம்பரிதி.

"எனக்குத் தெரியாது தம்பி."

"உங்க வீடுதானே மாமா?"

"நான் யாருக்கும் வழி காட்டறதில்ல. வேலை, வீடு, எதைப் பத்தியும் எங்கிட்ட யோசனை கேட்காதீங்க. கல்யாணத்துக்கப்புறமும் வாயைத் திறக்கமாட்டேன்."

சுடர்க்கொடிக்குப் பையனைப் பிடித்திருந்தது, பாவம், முகம் வாடிவிட்டது. சம்பந்தம் முறிந்தது என்றே நானும் நினைத்தேன்.

இளம்பரிதி அம்மாவின் காதருகே குனிந்தான். என் காதும் கொஞ்சம் குனிந்தது.

"புத்திமதி சொல்லாத மாமனார் வேற எங்கம்மா கிடைப்பார்? இப்பவே தட்டை மாத்திடு!"