மற்றக் கயிறு

“இந்த வேலைக்கு உன்னை விட்டா வேற ஆள் இல்ல ஜெனிஸ்டன்,” என்றார் ஷிம்லா மிஸ். ஜெனிஸ்டனுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

பிள்ளைகளின் நலன் பார்க்கப் பிரதேச செயலகத்திலிருந்து வந்திருந்த உத்தியோகத்தர் அவர். பத்தாம் வகுப்புக்குப் புதிதாக வந்த தினுஷனை யாரோ பாடாய்ப்படுத்துகிறார்களாம். அவனுடைய செருப்பு தானாகக் கிணற்றடிக்குப் போய்விடுகிறதாம், சாப்பிடக் கொண்டுவரும் பாணுக்குள் மணல் வந்துவிடுகிறதாம். ஆனால் யாரென்று பள்ளிக்கூட அதிபர் கேட்டால் மட்டும் பொடியன் வாயைத் திறக்கிறானில்லையாம்.

செருப்பை எறிந்ததும் மணலைத் தூவியதும் சாட்சாத் இந்த ஜெனிஸ்டன்தான். தன் தகப்பன் முந்தலில் இறால் பண்ணையில் வேலை செய்தவர் என்று தினுஷன் சொன்ன அன்றைக்கே, அவனுக்குப் ‘பண்ணை இறால்’ என்று பெயர் வைத்தவனும் இவன்தான். கடலில் தொழில் செய்யும் கண்டக்குழியில் குளத்து இறாலை யார் மதிப்பார்கள்?

இப்போது ஆளைக் கண்டுபிடிக்கும் வேலை அவனிடமே வந்திருக்கிறது. அகப்படுகிறவன் சனிக்கிழமை புத்தளத்தில் நடக்கும் உதைபந்தாட்டப் போட்டிக்கு வரமுடியாது என்று அதிபர் ஏற்கெனவே அறிவித்திருந்தார். பள்ளிக்கூட அணியின் கோல் காப்பாளன் ஜெனிஸ்டன். உண்மையைச் சொன்னால், அந்தக் கம்பங்களுக்கு நடுவே நிற்பதற்காகத்தான் அவன் பள்ளிக்கூடத்துக்கே வந்துகொண்டிருந்தான்.

மிஸ் சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார். “நீ கரைவலை இழுத்திருக்கிறியா?”

“ஓம் மிஸ். லீவு நாளில அப்பாவோட போவன்.”

“ஒரு பக்கக் கயிறை மட்டும் இழுத்தா என்ன நடக்கும்?”

“வலை கோணிப்போகும். மீன் மற்றப் பக்கத்தால ஓடிரும். கரையில நிண்டு ரெண்டு பக்கமும் ஒண்டா இழுக்கோணும்.”

“எங்கட வாப்பாவும் இதைத்தான் சொல்லுவார். இதுவும் கரைவலை மாதிரித்தான். ஒரு கயிறு உன்ட கையில. இந்தக் கிழமை முழுக்கத் தினுஷனை விட்டு அசையாத.”

“மற்றக் கயிறு மிஸ்?”

“அதுக்கும் ஆள் வச்சிட்டன்,” என்று சொல்லிவிட்டு மிஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ஆள் விளையாட்டுப் பயிற்றும் சேராகத்தான் இருக்கவேண்டும் என்று ஜெனிஸ்டன் முடிவு கட்டினான். சேர் எந்த மூலையில் நின்று பார்க்கிறாரோ தெரியாது. ஒரு வாரம் நல்ல பிள்ளையாக நடித்துத் தொலைக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை தினுஷனைத் தேடிப்போகும் வேலையே அவனுக்கு இருக்கவில்லை. கோயில் சந்தியில் தினுஷன் முன்பே வந்து காத்துக்கொண்டு நின்றான். பயந்தாங்கொள்ளி, அதனால் ஒட்டிக்கொள்கிறான் என்று ஜெனிஸ்டன் நினைத்துக்கொண்டான்.

இடைவேளையில் அவனுடைய கூட்டாளி சாள்ஸ் பழக்கதோஷத்தில் தினுஷனின் செருப்பைத் தூக்கினான். வேறு வழியில்லாமல் ஜெனிஸ்டன் அதட்டிக் கீழே வைக்கச் சொன்னான். இவனுக்குக் காய்ச்சல் ஏதும் கண்டுவிட்டதா என்பதுபோல் சாள்ஸ் பார்த்தான்.

காவல்காரன் பக்கத்திலேயே இருக்கும்போது தனியாகச் சாப்பிட முடியுமா? தினுஷன் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினான். உள்ளே இறால் பொரியல். பண்ணை இறாலுக்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று இந்த ஊரில் யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பின்னேரம் பயிற்சிக்குப் போனால் அங்கேயும் தினுஷன். சும்மா நிற்காமல் இடது காலால் ஒரு பந்து அடித்தான். ஜெனிஸ்டன் பாய்ந்து விழுந்து மண்ணைக் கவ்வினான், பந்து வலைக்குள் கிடந்தது. கோபம் வந்தது. அதைவிட ஆசை அதிகமாக வந்தது. இன்னொன்று அடி, இன்னொன்று அடி என்று பொழுதுபடும்வரை அவனை விடவில்லை.

கிழமை முடிய முன்பே சந்தியில் காத்து நிற்கும் ஆள் மாறிவிட்டது. ஒருநாள் தினுஷன் வழக்கம்போல் பாதி ரொட்டியை நீட்டியபோது ஜெனிஸ்டனுக்கு அந்தப் பழைய மணல் ஞாபகம் வந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஷிம்லா மிஸ் வந்தார். “மீன் பட்டுதா?”

“ஒண்டும் படல்ல மிஸ். இப்ப அவன்ட பக்கம் ஆரும் வாறதில்ல.”

மிஸ் அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். வலை கரைக்கு வந்துவிட்டது, நாளைக்கு நன்றாக விளையாடு என்று சொல்லித் தோளில் தட்டி அனுப்பினார். பாவம், இந்த மிஸ்ஸை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தான். ஆனால் அந்த நினைப்பு அவனுக்கு இனிக்கவில்லை.

மதிலோரம் தினுஷன் நின்றான். ஜெனிஸ்டன் நிலத்தைப் பார்த்தபடி, “செய்ததெல்லாம் பிழைதான்டா,” என்றான். “ஆரெண்டு மிஸ்ஸிட்ட நீ சொல்லாததாலதான் நாளைக்கு நான் கோலுக்குள்ள நிக்கப் போறன்.”

“மிஸ்ஸிட்ட சொன்னனே,” என்றான் தினுஷன். “மிஸ் வந்த முதல் நாளே சொல்லிட்டன்.”

ஜெனிஸ்டன் சட்டென்று நிமிர்ந்தான். “அப்ப மிஸ் ஏன் என்னைப் பிடிச்சுக் குடுக்கல்ல?”

“அவனை வெளிய தள்ளுறதா, கரைக்கு இழுக்கிறதா எண்டு மிஸ் என்னைத்தான் கேட்டா.”

கரைவலையை வாழ்நாளில் தொட்டே பார்க்காத அந்தப் பண்ணை இறால், செருப்பை மாட்டிக்கொண்டு சிரித்தான்.

“மற்றக் கயிறு என்ட கையிலடா.”